45 எழுத்து, 19 அசை, ஒரே அழுத்தம்

ஆங்கில அகராதிகளில் இருக்கிற மிக நீளமான சொற்களில் ஒன்றுக்கு 45 எழுத்து. முதல் எழுத்தான 'பி' ஒலிக்காது. முழுசா சொல்ல மூச்சு முட்டும். பிரிச்சா பயமே இல்லை:

நியூ-மொ-னோ / அல்-ட்ரா / மை-க்ரோ-ஸ்கா-பிக் / சி-லி-கோ / வால்-கே-னோ / கோ-னி-ஓ-சிஸ்

மொத்தம் 19 அசை. ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் உண்டு: நுரையீரல், மிக, நுண்ணிய, சிலிக்கா, எரிமலை, தூசி நோய். எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய், அவ்வளவுதான்.

சரி, அழுத்தம் எங்கே? தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே பலத்தோடு சொல்கிறோம். ஆங்கிலத்தையும் அப்படியே சொன்னால் கேட்பவருக்குச் சொல் பிடிபடாமல் போகலாம். நியூ, அல், ஸ்கா, சி, கே ஆகியவை லேசாக எழும்பும். முதன்மை அழுத்தம் ஒன்றுதான்: கடைசிக்கு முந்தின 'ஓ'. 'ஓசிஸ்' என்று முடியும் நோய்ப் பெயர்களில் இதுதான் வழக்கம். ட்யூபர்குலோசிஸ் சொல்லிப் பாருங்கள். 'இக்' என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தின அசை: மைக்ரோஸ்காபிக், எலெக்ட்ரானிக். ஆக, நீளமான சொல்லுக்கு முதலில் வாலைப் பார்க்கணும்.

இந்தச் சொல்லை 1935-ல் நீளத்துக்காகவே கட்டியவர், அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் தலைவர் எவரெட் ஸ்மித். சொல்தான் விளையாட்டு. கல் உடைக்கிறவர்கள், சுரங்கத் தொழிலாளிகளைத் தாக்கும் சிலிகோசிஸ் விளையாட்டு இல்லை. அந்தப் பெயரிலும் அழுத்தம் அதே 'ஓ'வில்தான்.