அருளப்பன் என்னும் யோவான்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பெயர்ச்சொற்களை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இரு வகையாகப் பிரித்துக் காட்டும் நம் இலக்கணம். காரணம் எதுவும் இன்றித் தொன்றுதொட்டு வழங்கி வருவது இடுகுறிப் பெயர். காரணம் பற்றி இட்டது காரணப் பெயர். மண், மரம் என்பன முன்னதற்கும், பறவை, நாற்காலி என்பன பின்னதற்கும் பள்ளியில் நாம் படித்த எடுத்துக்காட்டுகள். ஒரு மொழியில் காரணப் பெயராய்ப் பிறந்த சொல், வேறு மொழிக்குள் புகும்போது வெறும் இடுகுறியாகி விடுவதும் உண்டு. அவ்வாறு இடுகுறியாகி, தமிழில் மீண்டும் காரணப் பெயராய் மலர்ந்த எபிரேயப் பெயர் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. அப்பெயர் யோவான் என்பதாகும்.

பெயருக்குள் ஒரு வாக்கியம்

விவிலியத்தின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியில் அமைந்தது. அம்மொழியில் சொற்களின் வேர் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துக்களால் ஆனது. ‘ஹ், ன், ன்’ என்ற வேருக்கு அருள் செய்தல், இரங்குதல் என்பது பொருள். ‘யோ’ அல்லது ‘யா’ என்பது இறைவனின் திருப்பெயரின் சுருக்கம். இவ்விரண்டும் சேர்ந்து ‘யோஹனான்’ ஆயிற்று. ‘இறைவன் அருளினார்’ என்பது அதன் பொருள். எழுவாயும் பயனிலையும் கொண்ட முழு வாக்கியமே ஒரு மனிதனின் பெயராக நிற்பதைக் காண்கிறோம்.

இதே இரண்டு உறுப்புக்களை முன்பின்னாக மாற்றினால் ‘ஹனன்யா’ என்றாகும். தானியேல் நூலில் வரும் அனனியா இவரே. அதே வேரிலிருந்து பிறந்த பெண்பாற் பெயர் ‘ஹன்னா’. தமிழ் விவிலியத்தில் சாமுவேலின் தாயாகிய அன்னாள் அப்பெயர் உடையவர். நம் பக்கத்து ஊர்களில் அன்னம்மாள் என்ற பெயருடைய பாட்டிமார் பலர் உண்டு. அன்னப் பறவையால் வந்த பெயர் என்று கேட்போர் எண்ணக்கூடும். அன்னம்மாளும் யோவானும் ஒரே வேரில் கிளைத்த பெயர்கள் என்பதே உண்மை.

‘யோ’ என்று தொடங்கும் எல்லாப் பெயர்களும் இவ்வகையின அல்ல என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். யோனத்தான் என்றால் ‘இறைவன் தந்தார்’. யோசேப்பு என்பதோ ‘அவர் மேலும் சேர்ப்பாராக’ என்று பொருள்படும். அங்கே முதலெழுத்து வினைச்சொல்லின் பகுதியே ஆகும்.

விவிலியத்தில் இப்பெயர்

எரேமியா நூலில் கரேயாவின் மகன் ஒருவன் வருகிறான். தமிழில் அவன் பெயர் யோகனான். புதிய ஏற்பாட்டில் வருபவர் யோவான். இரண்டும் ஒரே பெயர் என்பது பலருக்குப் புலப்படுவதில்லை. முன்னது எபிரேயத்திலிருந்தும் பின்னது கிரேக்கத்திலிருந்தும் தமிழுக்கு வந்ததே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இப்பெயரைச் சூட்டும் நிகழ்ச்சி சுவையானது. முதுமையில் பெற்ற பிள்ளைக்குத் தந்தையின் பெயராகிய சகரியா என்பதையே இட வேண்டும் என்கின்றனர் சுற்றத்தார். தாய் எலிசபெத்து மறுத்து, யோவான் என்கிறார். உறவில் யாருக்கும் இப்பெயர் இல்லையே என்று அவர்கள் வியக்கின்றனர். பேச்சிழந்திருந்த தந்தை எழுதுபலகையில் அதே பெயரை எழுதியதும் அவர் நா கட்டவிழ்கிறது. இசுலாமியர் யஹ்யா நபி என்று போற்றுவதும் இவரையே. இதற்கு முன் எவருக்கும் இப்பெயர் இட்டதில்லை என்று திருக்குர்ஆனின் மர்யம் அத்தியாயமும் கூறுகிறது.

இப்பெயர் உலகெங்கும் பரவியது. ஆங்கிலத்தில் ஜான், பிரெஞ்சில் ழான், உருசியத்தில் இவான் என உருமாறியது. ஓசை பரவியதே தவிர, பொருள் பின்தங்கி விட்டது. ஜான் என்று அழைப்பவர் நெஞ்சில் அருள் என்ற எண்ணம் எழுவதில்லை.

தமிழ் செய்த புதுமை

தமிழகத்தில் சீர்திருத்தச் சபையார் யோவான் என்று ஓசையைக் கொண்டனர். கத்தோலிக்கர் பொருளைக் கொண்டு அருளப்பர் என்றனர். லிசுபனில் பிறந்து, 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த ஜான் தெ பிரிட்டோ, அருளானந்தர் என்றே இங்கு வழங்கப்படுகிறார். வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்றும், யோசேப்புக்குப் பெருக்கம் என்ற பொருளுக்கு இணங்க வளன் என்றும் பெயர் சூட்டினார். லாசர் என்பதன் மூலம் எலெயாசர். ‘இறைவன் உதவினார்’ என்பது பொருள். 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளை அதனால்தான் தேவசகாயம் ஆனார். அவர் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

‘இறைவன் அருளினார்’ என்ற வாக்கியம் அருளப்பன் ஆகும்போது வினைமுற்று மறைந்து விடுகிறது. ஆனால் அருள் நிற்கிறது. பொன்னப்பன், மாரியப்பன் என்ற பெயர்களோடு ஒரே தெருவில் வாழத் தக்க பெயராகவும் அது அமைந்து விடுகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இரு சபையாருக்கும் யோவான் என்ற வடிவத்தையே ஏற்றது. எனினும் அருளப்பர் என்ற பெயர் கோயில்களிலும் குடும்பங்களிலும் வாழ்கிறது.

இன்று இப்பெயரின் நிலை

பிரம்மதேசத்தில் பிறந்து மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்யும் என் தந்தையாரின் பெயர் அருளப்பன். அவர் படித்த ஐந்து வகுப்புக்குரிய சான்றில் ஜான் என்று இருக்கிறது. நான் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, இவை இரு வேறு ஆட்களின் பெயர்கள் என்று கூறி ஓர் அலுவலகத்தில் தாள்களைத் திருப்பிவிட்டனர். இருவரும் ஒருவரே என்று சான்று பெற, இரண்டு நாள் கூலியை விட்டு அவர் அலைந்தார். “ஜான் என்றே இருந்துவிட்டுப் போகட்டுமப்பா. அதுதானே படித்தவங்க பேரு” என்றார் என்னிடம்.

ஏட்டில் பெயர் மாறுவது புதிதன்று. பாபிலோன் அரண்மனை அதிகாரி அனனியாவுக்குச் சாத்ராக் என்று பெயரிட்டான். நெருப்புச் சூளையில் இடப்படும்போது அவனுக்கு அப்பெயரே வழங்குகிறது. ஆனால் ‘இறைவன் அருளினார்’ என்று பொருள் தந்தது அவன் வீட்டில் இட்ட பெயரே.

உப்பளத்தில் உப்பு என்பதை ஆய்வுக்கூடத்தில் சோடியம் குளோரைடு என்கிறோம். பெயர் இரண்டானதால் பொருள் இரண்டாகி விடுவதில்லை. பாத்தியில் நிற்பவர் சொல்வதால் உப்பு என்ற சொல் தாழ்ந்ததும் இல்லை. அருளப்பன் என்பது படிக்காதவர் சிதைத்த பெயர் அன்று. எபிரேயத்தின் பொருளறிந்த ஒருவர் தமிழுக்குச் செய்த மொழிபெயர்ப்பு. ஜான் என்பதைவிட அதுவே மூலத்தின் கருத்தை நன்கு காக்கிறது. நண்பர்களே, உங்கள் வீட்டு முதியோரின் பெயர்களுக்குப் பொருள் கேட்டு அறியுங்கள். அவற்றை மாற்றி எழுதும்முன் அப்பொருளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். என் பட்டச் சான்றிதழில் தந்தை பெயர் அருளப்பன் என்றே இருக்கும்.