பத்து நிமிஷமும் பல மாதமும்

கூலி போதாமையே தொழிலாளியின் சோர்வுக்குக் காரணம் என்று நிர்வாகஸ்தர்கள் பலர் எண்ணுகின்றனர். அதுவும் ஒரு காரணந்தான். ஆயினும் சென்னை பெரம்பூரில் பின்னி கம்பெனியார் நடத்திவந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் சரித்திரத்தைப் படிப்போருக்கு வேறொன்றும் விளங்கும்.

அவ்வாலைகளின் துணி எங்கும் பேர் பெற்றது. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் மெச்சினார்கள். உள்ளே இருந்தவர்களின் குறையோ வேறு. 1918 ஆம் வருஷத்தில் அவர்கள் பி.பி. வாடியாவிடம் முறையிட்டபோது, முன்வைத்த குறைகளுள் ஒன்று, மத்தியான உணவுக்கு விடப்பட்ட அரைமணி நேரம் போதவில்லை என்பது. மேலாளர்களின் கடுஞ்சொல் மற்றொன்று. அவ்வருஷம் ஏப்ரல் 27 ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முன்னின்றனர், திரு.வி.க. துணை நின்றார். உணவு இடைவேளை நாற்பது நிமிஷமாயிற்று. பத்து நிமிஷத்தைப் பெறுவதற்கு ஒரு சங்கமே வேண்டியிருந்தது!

அதன் பின்னரும் குறைகேட்கும் வழக்கம் நிர்வாகத்துக்கு ஏற்படவில்லை. கதவடைப்பு வந்தது, சங்கத் தலைவர்கள்மீது ஹைக்கோர்ட்டில் வழக்கும் வந்தது. 1921 இல் மூண்ட வேலைநிறுத்தம் பல மாதம் நீடித்து, ஜாதிப் பகையாகவும் மாறி, புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. போலீஸார் சுட்டதில் உயிர்களும் போயின. தொழிலாளர் தோற்றனர். 1922 இல் கம்பெனியாரே தொழிலாளர் பிரதிநிதிகள் அடங்கிய கமிட்டி ஒன்றை ஆலைகளில் அமைத்தனர். நாலு வருஷத்துக்கு முன்னமே அமைத்திருக்கலாகாதா என்றே நமக்குத் தோன்றுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சங்கங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சங்கம் கம்பெனியன்று, அங்கத்தினரே முதலாளிகள் என்பர். காகிதத்தில் அது உண்மை. நாம் தணிக்கைக்குச் செல்லுமிடங்களிலோ, பாவு வாங்க வந்த நெசவாளி காரியாலயத் திண்ணையில் பாதி நாள் உட்கார்ந்திருப்பதைக் காண்கிறோம். நூல் என்று வரும் எனக் கேட்டால், "நாளைக்கு வந்து பாரும்" என்பதே விடை. கடலை மூட்டையோடு வந்த குடியானவர் எடையைப் பற்றி வாய் திறந்தால் குமாஸ்தா முகம் சுளிக்கிறார். மினிட்டுப் புத்தகத்திலோ தீர்மானங்கள் யாவும் ஏகமனதாக நிறைவேறியிருக்கின்றன! பத்து வருஷப் பக்கங்களைப் புரட்டினும் அங்கத்தினர் ஒருவரது கேள்வியேனும் அகப்படாத புத்தகங்கள் உண்டு. கணக்கில் பிழை கண்டாலும் நமக்கு அவ்வளவு கவலை உண்டாவதில்லை. பிழையைத் திருத்திவிடலாம். கேள்வியற்ற சங்கங்களிலிருந்துதான் தறிகள் ஒவ்வொன்றாகத் தனி வியாபாரியிடம் போகின்றன. அதிகக் கூலிக்காகவுமன்று, சில இடங்களில் குறைந்த கூலிக்கே போகின்றன. காரணம் கேட்டோம். "அவர் சொன்ன நாளில் நூல் வருகிறது, ஐயா" என்றார் வயோதிக நெசவாளி ஒருவர்.

அடுத்த பொதுச்சபைக்கு நோட்டீஸ் வந்ததும், நூல் வரும் தேதியைப் பற்றிய கேள்வியை அங்கத்தினர்கள் எழுத்திலேயே கொடுப்பார்களாக. கேள்வியும் பதிலும் மினிட்டில் ஏறவேண்டுமெனக் கேட்பார்களாக. தணிக்கைக்கு வரும்போது அந்தப் பக்கத்தைத்தான் நாம் முதலில் புரட்டுவோம்.