வெளியேறும் வழி: வாடகைக் கணினிச் சேவைகளும் தரவின் உடைமையும்

2016 மே 17ஆம் திகதி கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. இறந்தோரும் காணாமற்போனோருமாக நூற்றுக்கு மேற்பட்டோரை அவ்வனர்த்தம் பலிகொண்டது. அத்தகைய வேளையில் யார் யார் அங்கு வாழ்ந்தனர், எவரைக் காணவில்லை, எவர் எம்முகாமில் உள்ளார் என்னும் பதிவேடே மீட்புப் பணிக்கு உயிர்நாடியாகின்றது. அப்பதிவேடு கணினிக்கு மாறும்போது அது யாருடைய இடத்தில் இருக்கின்றது, அங்கிருந்து அதனை எடுத்துச்செல்லும் வழி யாது என்னும் வினாக்கள் எழுகின்றன.

செயலி ஒன்றை ஆக்குவோர் தரவுத்தளம், பயனரை அடையாளங்காணும் முறை, கோப்புக் களஞ்சியம் ஆகியவற்றைத் தாமே அமைக்காது நிறுவனமொன்றிடம் வாடகைக்குப் பெறலாம். இவையே பின்புலச் சேவைகள் எனப்படுவன. சிறிய குழுவும் சில நாள்களில் செயலியை இயக்க இவை உதவுகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பார்ஸ் என்னும் சேவைக்கு நேர்ந்தது நோக்கற்பாலது. 2013 இல் பேஸ்புக் அதனை வாங்கியது. 2016 சனவரியில், ஓராண்டில் அது மூடப்படும் என அறிவித்தது. அரநாயக்க போன்றதொரு பிரதேசத்தின் பதிவேடு அதன்மீது அமைந்திருப்பின், மீட்புப் பணியின் நடுவே இடமாற்றமும் செய்ய நேர்ந்திருக்கும். பார்ஸின் மூலநிரல் திறந்துவிடப்பட்டமையாற் பலர் தப்பினர். அஃது உரிமையன்று, சலுகையே.

தோட்டத் தொழிலாளர் வரலாற்றை அறிந்தோர்க்கு இந்நிலைமை புதிதன்று. கங்காணியின் குழு வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டின், இன்ன கடன் தீர்க்கப்பட்டால் விடுவிப்பதாகத் துரை எழுதிய 'துண்டு' தேவைப்பட்டது. புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தியதும் கடனும் தொழிலாளரோடு இடம்பெயர்ந்தது. மனிதரின் துயரையும் தரவின் சிக்கலையும் நாம் சமமாக வைக்கவில்லை. இரண்டிலும் கட்டு வாசலில் அன்றி வெளியேறும் வழியிலேயே இடப்படுகின்றது என்பதே ஒப்புமை. துண்டு முறையை 1921ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டமோ 2025 செப்தெம்பர் முதல் நடைமுறையிலுள்ளது; சேவை மாறுவதற்கான கட்டணங்களை அது 2027 சனவரி முதல் தடைசெய்கின்றது.

பிணைப்பு மூன்று இடங்களில் விழுகின்றது. ஒன்று, தரவின் வடிவம்: தனிமுறையில் அடுக்கப்பட்ட தரவு பிறிதொரு தரவுத்தளத்தில் அப்படியே பொருந்தாது. இரண்டு, பயனர் அடையாளம்: கடவுச்சொற்களை எடுத்துச்செல்ல இயலாதவிடத்து அனைவரும் புதிதாகப் பதிய நேரும். மூன்று, எவர் எதனைப் பார்க்கலாம் என்னும் விதிகள்: நிறுவனத்தின் தனிமொழியில் எழுதப்பட்டவை மீள எழுதப்படல் வேண்டும்.

தற்காப்பும் இங்கிருந்தே தொடங்குகின்றது. செயலி சேவையை நேரே அழையாது இடையே மெல்லிய படையொன்றினூடாக அழைத்தல், போஸ்ட்கிரெஸ் போன்று எவரும் நிறுவக்கூடிய தரவுத்தளத்தின் மேலமைந்த சேவையைத் தெரிதல், இணைய முகவரியைத் தம் பெயரிற் பதிதல், தவணைதோறும் முழுத் தரவையும் பொது வடிவில் எடுத்து வேறொரு கணினியில் இயக்கிப் பார்த்தல் என்பன செயற்பாலன. இறுதியானதே தலையாயது. இயக்கிப் பாராத பிரதியை நம்பவியலாது.

சேவையை நாமே நடத்தினால் விடுதலை கிட்டிவிடும் என்பதும் மயக்கமே. இலங்கை அரசாங்க முகில் 2023 இல் கப்பம் கோரும் மென்பொருளாற் தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அக்காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை.

மறுபுறம், 2004 ஆழிப்பேரலையின் பின் இலங்கையர் ஆக்கிய சகானா என்னும் கட்டற்ற மென்பொருள், 2006 இல் பிலிப்பைன்சின் கின்சாகொன் மண்சரிவின்போதும் பயன்பட்டது. அதனை எடுத்துச்செல்ல எவரது துண்டும் வேண்டியிருக்கவில்லை. சேவையொன்றில் நுழைவதற்கு முன்னரே அதிலிருந்து வெளியேறும் வழியை எழுதி வைப்பதும், ஆண்டுக்கொருமுறையேனும் அவ்வழியே நடந்து பார்ப்பதும் பொதுமக்களின் தரவைக் காப்போரின் கடமையாகும்.