மகஜரும் மறியலும்

திங்கட்கிழமை தோறும் விழுப்புரம் கலெக்டர் காரியாலயத்தில் ஜனங்கள் மனுவும் கையுமாக வந்து கூடுகிறார்கள். பட்டா கோருவோர், பாதை கோருவோர், உதவித் தொகை நின்றுபோனதைத் தெரிவிக்க வந்த முதியோர், சுடுகாட்டுக்கு வழியில்லையென்று முறையிடுவோர் எனப் பல திறத்தாரையும் அங்கே காணலாம். ஆண்டுதோறும் திண்டிவனம் தாலூகாவில் ஜமாபந்தி நடக்கும்போதும் இதே காட்சிதான். மனுக்களுக்கு எண் இடப்படுகிறது, ரசீது கொடுக்கப்படுகிறது, உரிய இலாகாவுக்கு அவை அனுப்பப்படுகின்றன. அதன் பின்னர் அவற்றின் கதி என்ன என்பதே நாம் இன்று ஆராய விரும்பும் விஷயம்.

ஒரு மனு எதனால் பலம் பெறுகிறது? அதில் அடங்கியுள்ள நியாயத்தினாலா, அல்லது அதைக் கொண்டுவருவோரின் பின்னே நிற்கும் கூட்டத்தின் அளவினாலா? நியாயத்தினால்தான் என்று எந்த அரசாங்கமும் தயங்காமல் சொல்லும். ஆனால் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையேயுள்ள ஏறக்குறைய 40 கிலோ மீட்டர் சாலை வேறொரு பதிலைச் சொல்லுகிறது.

விண்ணப்பம் செய்துகொள்ளும் முறை நம் நாட்டாருக்குப் புதிதன்று. 1852-ஆம் ஆண்டில் சென்னையில் கஜுல லட்சுமிநரசு செட்டியார் முதலானோர் மதராஸ் நேட்டிவ் அசோசியேஷன் என்னும் சங்கத்தை ஸ்தாபித்து, மாகாணத்துக் குடியானவர்களின் குறைகளை பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கே மகஜராக எழுதி அனுப்பினார்கள். நிலவரி தண்டுவதற்காகக் குடிகளைக் கிட்டியில் நெரிப்பதும், அண்ணாந்தாள் பூட்டி வெயிலில் நிறுத்துவதும் அக்காலத்து வழக்கம். இப்படியும் நடக்குமா என்று லண்டனில் ஐயுற்றோர் பலர். கிளர்ச்சி வலுக்கவே 1854-ல் விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் முன் ஏறத்தாழ 2,000 முறையீடுகள் வந்து குவிந்தன. கொடுமை உண்மையே என்று 1855-ல் அக்கமிஷன் ஒப்புக்கொண்டது. வாக்குரிமை ஏதுமில்லாத பிரஜைகளின் எழுத்து, அன்னிய ஆட்சியைக்கூட விசாரிக்கும்படி செய்தது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

1947-ல் நிலைமை மாறிற்று. நாடு சுதந்திரம் பெற்ற நாளில் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தவர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த விவசாயி, ஓ. பி. ராமசாமி ரெட்டியார். மனுக் கொடுப்பவனும் மனு வாங்குபவனும் ஒரே மண்ணினர் என்றாயிற்று. அரசியல் சாசனத்தின் 350-ஆவது ஷரத்தும், எந்தப் பிரஜையும் தன் குறை நீங்கும்பொருட்டு எந்த அதிகாரியிடமும் நாட்டில் வழங்கும் மொழியில் முறையிட்டுக்கொள்ளலாம் என்று விதித்தது. ஆகவே தமிழில் எழுதிய மனு ஒன்றை நீட்டும் ஏழை, தயவை வேண்டி நிற்கவில்லை, உரிமையைப் பிரயோகிக்கிறான். உரிமை என்றால் அதற்கு எதிரே ஒரு கடமை இருக்கவேண்டுமல்லவா? அக்கடமை, காலத்தில் பதில் சொல்வது.

அந்தக் கடமை தவறினால் என்ன நேரும் என்பதை 1987 நமக்குக் காட்டிற்று. வன்னியர் அமைப்புகள் பல 1980-ல் ஒன்றுகூடி வன்னியர் சங்கமாயின. அதன் நிறுவனர் திண்டிவனத்தில் வைத்தியத் தொழில் புரிந்துவந்த டாக்டர் ராமதாஸ். கல்வியிலும் உத்தியோகத்திலும் மாநிலத்தில் 20 சதவீதமும் மத்திய சர்க்காரில் 2 சதவீதமும் தங்கள் வகுப்புக்கு ஒதுக்கவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இதன் அடிப்படைக் கருத்து திடீரென்று முளைத்ததன்று. பிற்பட்டோருள்ளும் மிகப் பிற்பட்டோரைத் தனியே பிரித்துக் காக்கவேண்டும் என்று சட்டநாதன் கமிஷன் 1970-லேயே சிபாரிசு செய்திருந்தது. சலுகைகளின் பெரும் பகுதியைச் சில வகுப்பினரே அடைந்துவருகின்றனர் என்பதை 1985-ல் அம்பாசங்கர் கமிஷனும் எடுத்துக்காட்டிற்று. அறிக்கைகள் அலமாரியில் உறங்கின. மகஜர்களும் மாநாட்டுத் தீர்மானங்களும் உறக்கத்தைக் கலைக்கவில்லை. 1986-ல் நடந்த ஒரு நாள் மறியல்களும் கலைக்கவில்லை.

1987 செப்டம்பர் 17-ஆம் தேதி ஒரு வார மறியல் தொடங்கிற்று. வடதமிழ்நாட்டின் ராஜபாட்டைகள் ஸ்தம்பித்தன. சாலையோரத்து மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. போலீஸ் நடவடிக்கைகளில் 21 பேர் மாண்டனர். இச்சச்சரவில் சம்பந்தமே இல்லாத தாழ்த்தப்பட்ட மக்களின் குடிசைகள் பல இடங்களில் தீக்கு இரையாயின என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சர்க்கார் செவி சாய்க்காததன் பலனைச் சர்க்கார் மட்டும் அனுபவிப்பதில்லை. தனக்கும் கீழே இருப்பவனின் கூரையும் சேர்ந்தே எரிகிறது.

அதன் பின்னர் காரியங்கள் விரைந்தன. அவ்வாண்டு நவம்பரிலேயே முதல் மந்திரி எம். ஜி. ராமச்சந்திரன் வகுப்புச் சங்கங்களை அழைத்துப் பேசினார். 1989-ல் மு. கருணாநிதியின் மந்திரிசபை, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்னும் பிரிவை வகுத்து, வன்னியரோடு நூற்றுக்கு மேற்பட்ட வகுப்பினரையும் சீர்மரபினரையும் சேர்த்து 20 சதவீதம் ஒதுக்கிற்று. 1970-ல் எழுத்தில் இருந்த யோசனை உத்தரவாக 19 ஆண்டும் 21 உயிரும் வேண்டியிருந்தன. அந்த 21 பேருக்கும் 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. சுட்டதும் சர்க்கார், 37 ஆண்டு கழித்து மண்டபம் எழுப்பியதும் சர்க்கார். முன்னமே பதில் சொல்லியிருந்தால் இரண்டும் தேவைப்பட்டிரா.

நெருக்குதலுக்குப் பணிந்து அவசரமாகத் தரும் பதிலும் நிலைப்பதில்லை. 2021 பிப்ரவரியில், சட்டசபைத் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், அந்த 20 சதவீதத்துள் 10.5 சதவீதத்தை வன்னியருக்குத் தனியே ஒதுக்கும் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டு நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டு அதை ரத்துச் செய்தது. தக்க புள்ளிவிவர ஆதாரம் காட்டப்படவில்லையென்று 2022 மார்ச்சு 31-ல் சுப்ரீம் கோர்ட்டும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது ஓர் ஆண்டு நம்பிக்கையும் அதன் பின் ஏமாற்றமுமே. காரணம் காட்டாத மறுப்பு எவ்வளவு அநீதியோ, காரணம் காட்ட இயலாத சலுகையும் அவ்வளவு அநீதியே.

இது வரையில் நாம் சொன்னது, சாலையை நிறுத்தக்கூடிய பெருந்தொகை வகுப்பினரின் கதை. அதே சாலையின் இரு மருங்கிலும் ஏரிக்கரைகளிலும் ஊர்க்கோடிகளிலும் நாலைந்து குடிசைகளாகச் சிதறி வாழ்கின்ற இருளர்களின் கதையை இனி நோக்குவோம். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாடு முழுவதிலும் இவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. செங்கற்சூளையிலும் மரம் வெட்டுவதிலும் வயல் எலி பிடிப்பதிலும் காலம் கழிப்பவர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு சூளையிலேயே கட்டுண்டு கிடப்போரும் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-ல். களவு போன இடத்தில் முதலில் சந்தேகிக்கப்படுபவரும் இவர்களே. இவர்கள் மறியல் செய்து எந்த ராஜபாட்டையும் நின்றதில்லை. இவர்களுக்கு இருப்பது மனு ஒன்றே.

அம்மனுவில் இவர்கள் கேட்பதும் பெரிதொன்றுமில்லை. ‘நாங்கள் இருளர், பழங்குடியினர்’ என்று எழுதிய ஒரு சான்றிதழ். அது இருந்தால் பிள்ளை மேற்படிப்புக்குப் போகலாம். உதவித் தொகை பெறலாம். பழங்குடியினருக்குரிய வீட்டுத் திட்டத்தில் சேரலாம். இல்லையென்றால் பத்தாவதோ பன்னிரண்டாவதோ தேறிய பிள்ளையும் சூளைக்கே திரும்பவேண்டியதுதான். 1989 நவம்பர் முதல் பழங்குடிச் சான்றிதழ் வழங்கும் அதிகாரம் தாசில்தாரிடமிருந்து எடுக்கப்பட்டு, வருவாய்க் கோட்ட அதிகாரியிடமும் சப் கலெக்டரிடமும் ஒப்படைக்கப்பட்டது. பழங்குடியல்லாதார் பொய்ச் சான்று பெறுவதைத் தடுக்கவேண்டும் என்ற நோக்கம் நியாயமானதே. சுப்ரீம் கோர்ட்டும் 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் இத்தகைய சான்றுகளைக் கடுமையாகப் பரிசீலிக்கும் முறையை வகுத்தது. உத்தியோகஸ்தர்கள் எச்சரிக்கையாக இருப்பதை நாம் குறை சொல்லமாட்டோம். ஆனால் தகப்பனின் சான்று எங்கே, பாட்டனின் பத்திரம் எங்கே என்று கேட்டால், பள்ளிக்கூடத்தையே கண்டிராத தகப்பனும் பாட்டனும் எதைக் காட்டுவார்கள்? பொய்யனைத் தடுக்கப் போட்ட வேலி உண்மையானவனையே வெளியே நிறுத்திவிடுகிறது. பொய்யன் பத்திரத்தோடு வருவான்; மெய்யன்தான் வெறுங்கையோடு வருவான்.

இவர்களுக்காக 1990-களில் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலியோர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தனர். மனு எழுதுவதும், அதன் பின்னே ஆபீஸ் ஆபீஸாக நடப்பதும், மறுக்கப்பட்டால் மறுபடி எழுதுவதுமே அதன் பெரும்பணி. கூட்டமும் கொடியும் இல்லாத இவ்வேலையைப் பத்திரிகைகளும் அதிகம் கண்டுகொள்வதில்லை. எழுத்தறியாத மக்களுக்குச் சட்டத்தின் வழியிலேயே நியாயம் தேடும் இதுவே ஜனநாயகத்தின் கடினமான பயிற்சி என்பது நம் அபிப்பிராயம்.

எல்லைக்கு அப்பால் புதுச்சேரியில் நடந்ததைப் பாருங்கள். விழுப்புரம் ஜில்லாவில் பழங்குடியாக இருந்த இருளர், அதே மொழி, அதே தொழில், அதே உறவினராக இருந்தும், சில கிலோ மீட்டர் தள்ளி புதுச்சேரி எல்லைக்குள் பழங்குடியாக அங்கீகரிக்கப்படவில்லை. அந்த அங்கீகாரம் 2016 டிசம்பரில்தான் வந்தது. கொண்டவனும் கொடுத்தவனும் வேறு வேறு ஜாதிப் பட்டியலில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தனர்!

சர்க்கார் மனம் வைத்தால் எவ்வளவு விரைவில் ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2021 அக்டோபரில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவப் பெண் ஒருவர், கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து தாம் விலக்கப்பட்டதைக் குமுறிச் சொன்ன பேச்சு நாடெங்கும் பரவிற்று. நவம்பர் முதல் வாரத்திலேயே முதல் மந்திரி மு. க. ஸ்டாலின் பூஞ்சேரிக்கு நேரில் சென்று, நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களையும் சாதிச் சான்றுகளையும் வழங்கினார். செய்தது நற்செயல், பாராட்டுகிறோம். ஆனால் சில நாட்களில் கொடுக்க முடிந்தது, அதற்கு முன் பல ஆண்டுகள் ஏன் முடியவில்லை? ஊரறியப் பேசத் தெரிந்த ஒருத்தி எல்லாச் சேரியிலும் இருப்பாளா?

வேண்டுவது புதிய சட்டம்கூட அன்று. மனுப் பெற்ற மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு, தாமதமானால் இடைக்காலப் பதில், நிராகரித்தால் எழுத்தில் காரணம் என்று 2015 செப்டம்பரில் பிறந்த அரசாணை இருக்கிறது. அதை எழுத்தளவில் விடாமல் நடத்தவேண்டும். இருளரிடம் பத்திரம் கேட்பதற்குப் பதிலாக, அதிகாரியே குடியிருப்புக்குச் சென்று, உறவுமுறையும் வழக்காறும் விசாரித்து, அங்கேயே முடிவு சொல்லவேண்டும். எத்தனை மனு வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை எவ்வளவு காலமாக நிற்கிறது என்பதைத் திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் மாதந்தோறும் பலகையில் ஒட்டவேண்டும். ‘மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது’ என்னும் வாக்கியத்தைத் தீர்வு என்று கணக்கில் எழுதும் வழக்கம் ஒழியவேண்டும். அனுப்புவது தபால்காரன் வேலை. தீர்ப்பதே அதிகாரியின் வேலை.

பெருந்தொகை வகுப்பாருக்கும் ஒரு வார்த்தை. 1987-ல் செவிடான சர்க்காரின் வாசலில் நின்ற அனுபவம் உங்களுக்கு உண்டு. உங்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கும் நாலு குடிசைக்காரரின் மனுவில் நீங்களும் கையெழுத்திடுங்கள். கிராம சபையில் அவர்களுக்காக ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். உங்களுக்குச் செலவு ஒன்றுமில்லை; அவர்களுக்கோ அது ஆயுள் முழுவதற்கும் உதவி.

சாலையை மறிப்பவனுக்கே செவி கொடுப்பது என்று சர்க்கார் பழகிவிட்டால், ஒவ்வொரு பிரஜைக்கும் மறியலையே கற்றுக்கொடுத்ததாகும். எவனால் ஒரு வண்டியைக்கூட நிறுத்த முடியாதோ, அவன் நீட்டும் காகிதத்துக்கு எத்தனை நாளில் பதில் கிடைக்கிறது என்பதே ஒரு ராஜ்யத்தின் தராதரத்தை அளக்கும் கோல்.