கை அறிந்த தொழிலுக்குக் கடதாசி எதற்கு?

"மௌலவி, இருபது வருஷமா கல்லு வச்ச கை இது. இதுக்கு இனிக் கடதாசியும் வேணுமா?"

கற்பிட்டிப் பக்கத்து மேசன் பாஸ் ஒருவர் மகனோடு வந்து என்னிடம் கேட்ட கேள்வி இது. வெளிநாடு போகத் தயாரானவரிடம் தொழிற் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். கையில் இருந்த படிவத்தை அவரால் வாசிக்க முடியவில்லை.

அவர் கேள்வியில் நியாயம் உண்டு. நமது கரையோரத்தில் முன்பெல்லாம் ஆள் எடுப்பவர் கையைத்தான் பார்த்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் "நல்ல பிள்ளை" என்றால் போதும். இன்றோ முதலாளி கடலுக்கு அப்பால் இருக்கிறார். நம்மையும் தெரியாது, நமக்காகப் பேசும் பெரியவரையும் தெரியாது. அந்தப் பெரியவரின் இடத்தில் இப்போது கடதாசி நிற்கிறது. சவூதி அரேபியா 2021இல் தொழில் திறன் பரீட்சைத் திட்டத்தைத் தொடங்கியது இதனால்தான். கடனை எழுதிச் சாட்சி வைக்கச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது புதுமையாகப் படக்கூடாது.

உள்ளூரிலும் நிலைமை மாறிவிட்டது. உப்புத் தொழிலில் நீரின் பதத்தைக் கண்ணால் அறிவது ஒரு திறமை. அதையே மானி வைத்து அளந்தால், போமே அளவில் ஏறத்தாழ 25 பாகையில் உப்பு படியத் தொடங்குவது தெரியும். மானியை வாசித்துக் குறித்து வைப்பவரின் கணக்கை அடுத்தவரும் நம்பலாம். 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல்மின் நிலையம் போன்ற இடங்களிலோ, எச்சரிக்கைப் பலகையை வாசிக்கத் தெரியாதவரால் அவருக்கும் ஆபத்து, பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

அனுபவசாலிகள் மனம் தளர வேண்டியதில்லை. என்.வி.கியூ. எனும் தேசிய தொழிற் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு. செய்து பழகிய தொழிலைச் செய்து காட்டி, வகுப்புக்குப் போகாமலே மதிப்பீட்டின் மூலம் சான்றிதழ் பெற வழியிருக்கிறது. நைட்டா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மத்யனில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்துமாறு தந்தையிடம் சொன்ன பெண், வலிமை, நம்பிக்கை என்ற இரண்டு தகுதிகளையே எடுத்துச் சொன்னார். இன்றைய வலிமையில் வாசிப்பும் ஒரு பங்கு. நம்பிக்கையை மட்டும் எந்தக் கடதாசியும் தராது. அதை நாம்தான் சம்பாதிக்க வேண்டும்.

அன்று மகன் படிவத்தை வாசித்தான், தந்தை பதில் சொன்னார். "வாப்பாவிடம் தொழிலைப் படி, வாப்பாவுக்கு எழுத்தைப் படிப்பி" என்று சொல்லி அனுப்பினேன்.