காலியிடம் எத்தனை என்று கேட்காதீர்கள்

மாவட்டத்தில் காலிப் பணியிடங்கள் எத்தனை என்று கேட்டால், ஒற்றை எண்ணைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதில் நமக்குரியது எத்தனை? அதை அறிய இனச்சுழற்சிப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் நேரடி நியமனங்களுக்கு 200 இடங்கள் கொண்ட சுழற்சி உண்டு. அதில் பட்டியல் சாதியினருக்கு 36 இடங்கள்; அவற்றுள் 6 அருந்ததியர் உள் ஒதுக்கீடு. பழங்குடியினருக்கு வெறும் 2. ஒவ்வொருவரையும் எந்தச் சுழற்சி எண்ணில் நியமித்தார்கள் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அந்த ஒரு வரியில்தான் நம் பிள்ளைகளின் வேலை இருக்கிறது.

நம் பெண் ஒருத்தி நல்ல மதிப்பெண் எடுத்து, பொதுப்போட்டியிலேயே தேர்வாகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைப் பொதுப்பிரிவு இடத்தில்தான் காட்ட வேண்டும். 1995-இல் சபர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. அவள் சாதியைப் பார்த்துப் பட்டியல் சாதிக்குரிய எண்ணில் எழுதிவிட்டால், அந்த எண்ணுக்காகக் காத்திருந்த இன்னொருவரின் வேலை போயிற்று. வெளியே யாருக்கும் தெரியாது.

மொத்தக் கணக்கும் கண்கட்டுதான். துப்புரவுப் பணியில் இருக்கும் நம்மவர்களையும் சேர்த்துக் கூட்டி, '18 விழுக்காடு நிறைந்துவிட்டது' என்பார்கள். இளநிலை உதவியாளர் எத்தனை, தட்டச்சர் எத்தனை என்று பதவிவாரியாகக் கேட்டால் பேச்சு மாறும். அந்தத் துப்புரவுப் பணியும் இன்று பல ஊர்களில் ஒப்பந்தக்காரர் கையில். அங்கே சுழற்சியும் கிடையாது, பதிவேடும் கிடையாது!

நிரப்பாமல் விட்ட இடங்களைப் பின்னடைவுப் பணியிடங்கள் என்கிறோம். 2000-இல் வந்த 81-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின்படி, அவற்றைத் தனி வகையாக வைத்துப் பின்வரும் ஆண்டுகளில் நிரப்பலாம். 50 விழுக்காடு உச்சவரம்பு தடையாகாது. ஆனால் பின்னடைவு என்று எழுதி வைத்தால்தானே நிரப்ப முடியும்?

எனவே மாணவர்களே, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு எழுதும்போது, பதவிவாரியாக இனச்சுழற்சிப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். கடைசியாக நிரப்பிய சுழற்சி எண் எது, பின்னடைவு எந்த ஆண்டிலிருந்து என்றும் கேளுங்கள். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் உங்களுக்கு உரிமை உண்டு. 30 நாளில் பதில் வர வேண்டும். 'அவ்வாறான பதிவேடு பராமரிக்கப்படவில்லை' என்று வந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் இருக்கிறது. தாளோடு வாருங்கள், சேர்ந்தே எழுதுவோம்.