விசா வரிசைக்குள் ஒரு கணக்கு

2025 செப்டம்பர் 2 முதல், அமெரிக்க விசாவைப் புதுப்பிப்பவர்களில் பெரும்பாலானோருக்கு நேர்காணல் கட்டாயமானது. அதுவரை ட்ராப்பாக்ஸில் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவர்கள் அதிகாரியின் முன் போய் நிற்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி வேலை விசா, அவர்களின் குடும்பத்தாருக்கான ஹெச்-4 விசா ஆகியவற்றுக்கான மனுதாரர்களின் சமூக ஊடகப் பக்கங்களையும் ஆராய்வோம் என்று அறிவித்தார்கள். இந்தியாவில் கொடுத்திருந்த நேர்காணல் ஸ்லாட்டுகள் தள்ளிப்போயின. பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டும் ஸ்டாம்பிங்கை முடித்துப் புத்தாண்டுக்குள் திரும்பிவிடலாம் என்று ஊர் வந்தவர்கள் பலருக்கு மார்ச்சிலும் அதற்கு அப்பாலும் புதுத் தேதி கிடைத்தது. வேலையும் வாடகை வீடும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் அங்கே. ஆள் மட்டும் இங்கே.

சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கு ஐதராபாத்தைவிடச் சென்னையே பக்கம். ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்துக்குக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். உள்ளே கூப்பிடத்தான் மாதங்கள் ஆகின்றன. இப்படித் தள்ளிப்போகும்போது வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘நம்ம பேப்பர்ல என்ன குறை?’ என்பதுதான். பெரும்பாலும் ஒரு குறையும் இருக்காது. தாமதத்துக்கான காரணம் வரிசையிலேயே இருக்கிறது. அதை விளக்க நூறாண்டுக்கு மேல் வயதான ஒரு கணிதத் துறையே இருக்கிறது.

அதைத் தொடங்கிவைத்தவர் டென்மார்க்கின் ஆக்னர் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். எத்தனை இணைப்புகள் இருந்தால் அழைப்பவர் காத்திருக்காமல் பேசலாம் என்று கணக்கிடப் போய், 1909-இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு பிறந்தது. அதன் மிக எளிய கணக்கு ஒன்றே நம்மைத் திடுக்கிட வைக்கும்.

ஒரே ஒரு கவுன்ட்டர். ஒருவருக்குச் சராசரியாகப் பத்து நிமிடம். ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள். சிலர் வேலை சட்டென்று முடிகிறது, சிலருக்கு இழுக்கிறது. அந்த அதிகாரி தன் நேரத்தில் பாதிதான் வேலையாக இருக்கிறார் என்றால், வருபவர் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருப்பார். 80 சதவீத நேரம் வேலை இருந்தால் காத்திருப்பு 40 நிமிடம். 90 சதவீதம் என்றால் ஒன்றரை மணி நேரம். 95 சதவீதத்தில் மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிடும். 99 சதவீதத்தில் எவ்வளவு தெரியுமா? பதினாறரை மணி நேரம்!

கடைசி நான்கு சதவீதத்தைக் கவனியுங்கள். வேலை கொஞ்சம்தான் கூடியது, காத்திருப்போ ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. ஏற்கெனவே நிரம்பி வழியும் ஓர் அலுவலகத்தில் ஒரு மனுவுக்கு ஒரே ஒரு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும்படி விதி மாறினால் போதும், வரிசை வெடித்துவிடும். நூறைத் தொட்டுவிட்டால் சராசரி என்ற பேச்சுக்கே இடமில்லை. வரிசை நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். பெரும்பாலானோருக்கு ட்ராப்பாக்ஸை நிறுத்தியதும் கூடுதல் ஆய்வும் சேர்ந்து இதைத்தான் செய்தன. தேதிகளைத் தள்ளிப்போடுவதைத் தவிர அலுவலகத்துக்கு வேறு வழி இருக்கவில்லை.

எல்லாரும் சரியான இடைவெளியில் வந்து, எல்லாருக்கும் ஒரே நேரம் பிடித்தால், 99 சதவீத வேலையிலும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. நம்மைக் காக்க வைப்பது கூட்டம் மட்டுமல்ல, அதன் ஒழுங்கின்மையும்தான்.

இன்னொரு விதியைத் திருமலையில் வைத்தே பார்த்துவிடலாம். 1961-இல் அமெரிக்கரான ஜான் லிட்டில் நிரூபித்தது. வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கையை, மணிக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்பதால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் வந்துவிடும். வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் உங்களுக்கு முன்னால் 30,000 பேர், மணிக்கு 3,000 பேர் சுவாமியைத் தரிசித்து வெளியே வருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், உங்கள் முறை பத்து மணி நேரம் கழித்து.

இதே வகுத்தலை, அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக்குப் போட்டுப் பாருங்கள். வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது, அதாவது ஏறத்தாழ 9,800. வரிசையில் நிற்கும் இந்தியர்களோ லட்சக்கணக்கில். மற்ற நாட்டவர் விட்டுவைக்கும் மிச்சம் கிடைத்தாலும் விடை பல பத்தாண்டுகள் என்றே வருகிறது. அந்த வரிசை பின்னாலும் நகரும். எந்தத் தேதிக்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களுக்கு இப்போது முறை என்று மாதாமாதம் அறிவிப்பார்கள். 2012-இல், வேலை அடிப்படையிலான இரண்டாம் பிரிவில் இந்தியர்களுக்கான அந்தத் தேதி 2010 மே வரை முன்னேறியிருந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் மனுப்போடவே, அக்டோபரில் அதை 2004 செப்டம்பருக்கு இழுத்துவிட்டார்கள். வாசல்வரை போனவர்கள் ஏறத்தாழ ஆறாண்டு பின்னால் போய் நின்றார்கள்.

சட்டம் எழுதியவர்களுக்கு இந்தத் தாமதம் தெரியாமல் இல்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டே, அனுமதிக் காலம் முடிவதற்குள் அதே நிறுவனத்தின் வழியாக ஹெச்-1பி நீட்டிப்புக்கு மனுப்போட்டுவிட்டால், முடிவு வராவிட்டாலும் 240 நாள் வரை வேலை பார்க்கலாம். பிரிட்டனிலும் 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 3சி பிரிவு, உரிய காலத்தில் மனுப்போட்டவரின் அனுமதியை முடிவு வரும்வரை தொடரச் செய்கிறது. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா அமெரிக்க எல்லையில் அனுமதி கேட்பதற்கான சீட்டு மட்டுமே. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94 என்ற வருகைப் பதிவு. விசா முடிந்து, ஐ-94 உயிரோடு இருக்கும் ஒருவர் சட்டப்படியே அங்கு வாழலாம். இதைத் தெரியாமல் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் ஏராளம். ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் அந்தந்த நாட்டுக்குள் இருப்பவருக்குத்தான். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சித்தூருக்கு வந்துவிட்டவருக்கு அந்த 240 நாளால் ஒரு பயனும் இல்லை. இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

இப்படிக் காத்திருக்கும்போது மனம் என்ன ஆகிறது? 2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கணினி விளையாட்டில் உட்கார வைத்தார்கள். திரையில் கற்கள். எதன் அடியில் பாம்பு என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. வியர்வையையும் கண்மணியின் விரிவையும் அளந்தபோது, அதிர்ச்சி நிச்சயம் என்றிருந்த வேளையைவிட, வரலாம், வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்த வேளையில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. கெட்ட சேதியைவிட, சேதியே இல்லாமல் இருப்பதுதான் உடம்பை அதிகம் வதைக்கிறது.

கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதி, முடிவுக்காக நான்கு மாதம் காத்திருந்தவர்களை உளவியலாளர் கேட் ஸ்வீனியின் குழு தொடர்ந்து கவனித்தது. கவலை தொடக்கத்தில் அதிகம், நடுவில் தணிகிறது, முடிவு நெருங்கும்போது மறுபடி ஏறுகிறது. அதைக் குறைக்க அவர்கள் செய்த முயற்சிகள் அவ்வளவாகப் பலிக்கவில்லை. ஆனால் நன்றாகக் கவலைப்பட்டவர்கள், தோல்வி வந்தபோது அதை ஆக்கபூர்வமாக எதிர்கொண்டார்கள். ஆகவே இரவில் தூக்கம் வராமல் ‘கிடைக்காவிட்டால் என்ன செய்வது’ என்று திட்டம் போடும் மகனையோ மருமகளையோ, ‘சும்மா கவலைப்படாதே’ என்று அடக்காதீர்கள். அந்தக் கவலைக்கு ஒரு பயன் உண்டு.

சேதியே இல்லாமல் காத்திருக்கும் வதையைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. திருப்பதியில் சர்வ தரிசனத்துக்கு நேரம் குறித்த டோக்கன் கொடுக்கிறார்கள். கூட்டத்தை அது குறைத்துவிடாது, ஆனால் எப்போது வர வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. டோக்கன் வாங்கவே முண்டியடிக்கும் நிலை வந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே ஊர் பார்த்தது. 2025 ஜனவரி 8 அன்று வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கனுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் இறந்தார்கள். தேதியைச் சொல்வதும், சொல்லும் முறையும் உயிர் சம்பந்தப்பட்டவை. தூதரகங்கள் வரிசையை ஒரே நாளில் கரைத்துவிட முடியாது என்பது கணக்கிலேயே தெரிகிறது. உறுதியான ஒரு தேதியைச் சொல்லி, அதை மாற்றாமல் காப்பாற்ற முடியும். அதையாவது அவர்கள் செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் இன்றே ஐ-94-ஐ எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள். அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே நீட்டிப்பு மனுவை ஏற்றுக்கொள்வார்கள். அந்த முதல் வாரத்திலேயே நிறுவனத்தைக் கேட்டுப் போடவையுங்கள். அதற்கு முன்பு ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமென்றால், முதலில் ஸ்டாம்பிங் ஸ்லாட் எப்போது கிடைக்கும் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.